எஸ்யூவியில் நெடுந்தூரம் போனால் ஆட்டமும் அலுப்பும் ஏன்?

செடானிலிருந்து எஸ்யூவிக்கு மாறிய நண்பர் கேட்டிருப்பது இதுதான்: நகருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கிறது, பெரிய லாரியை முந்தும்போது ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், மூன்று மணி நேரம் ஓட்டினால் இடுப்பு கடுக்கிறது. வண்டி கவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் அவருக்கு உண்டு. ஷாக் அப்சார்பரை மாற்றலாமா, அகலமான டயர் போடலாமா, டிக்கியில் கனத்தை ஏற்றினால் வண்டி சாலையில் 'உட்காருமா' என்பவை அவர் முன்வைக்கும் யோசனைகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இதெல்லாம் இந்த வகை வண்டியின் குணமா, அல்லது என் வண்டியில் கோளாறா? அதற்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு நெடுங்காலமாக சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பு), வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) வேலையில் இருப்பவன். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் இன்ன இடத்தில் கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளுக்கும் நான்கு வெவ்வேறு காரணங்கள் என்பது உறுதி. ஒரே பாகத்தை மாற்றி நான்கையும் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 'சொகுசு வேண்டுமென்றால் ஸ்டெபிலிட்டியை விட்டுக்கொடுக்க வேண்டும்' என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்பிரிங்கின் கடினத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நெடும்பயணத்தில் ஆளை அலுக்க வைப்பதோ பெரும்பாலும் வேறு: மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் பாடி. ஒரு தடவை அசைந்து அதோடு அடங்கிவிடும் வண்டியில் பின்னால் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார், ஓட்டுபவருக்கும் ஸ்டீயரிங்கில் நம்பிக்கை இருக்கும். சரிபார்க்க வேண்டியதெல்லாம் இந்த 'அடங்குதல்' எங்கே கெட்டது என்பதைத்தான்.

முதலில் வண்டியின் குணம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். கவிழும் அபாயத்தை மதிப்பிட அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ அடிப்படையாக வைத்திருப்பது இந்த எண்ணைத்தான். சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். உயரமான எஸ்யூவி, பிக்கப், வேன்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய வளைவில் எடை ஒரு பக்கச் சக்கரங்களுக்குக் கூடுதலாக மாறும், பாடியும் கூடுதலாகச் சாயும். அதோடு நீங்கள் உட்கார்ந்திருப்பதும் உயரத்தில் என்பதால் அதே சாய்வு உங்கள் தலைக்குப் பெரிதாகத் தெரியும். இது கோளாறே இல்லை. வேகம் இதை எப்படிப் பெருக்குகிறது என்பதையும் பாருங்கள்: 100-லிருந்து 120-க்குப் போனால் வேகம் கூடுவது 20 சதவீதம், அதே வளைவில் பக்கவாட்டு விசை கூடுவது 44 சதவீதம். எந்த ஷாக்கைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னொரு விஷயம், உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது சாலை மெதுவாக நகர்வது போலத் தோன்றும். செடான் பழக்கத்தில் 'சரியான வேகம்' என்று உங்களுக்குத் தோன்றுவது இந்த வண்டியில் உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. சில நாளைக்கு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தே ஓட்டிப் பாருங்கள்; உங்கள் மிதப்பில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடலாம்.

கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தையும் எழுதியிருந்தீர்கள். வறண்ட, சமமான சாலையில் ஸ்டீயரிங்கை ஒடித்த மாத்திரத்தில் கவிழ்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. பெரும்பாலான கவிழ்வுகள் சக்கரம் சாலையை விட்டு இறங்கி மண்ணில் புதைந்தோ, விளிம்பிலோ தடுப்பிலோ பக்கவாட்டில் இடித்தோ நடப்பவை. ஆகவே ஒரு சக்கரம் சாலை ஓரத்தில் இறங்கிவிட்டால் உடனே வெடுக்கென்று திருப்பி மேலே ஏற்றக் கூடாது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். மற்றது இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. நீங்கள் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். 1997-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்றின் திடீர் விலகல் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தபோது அந்த நிறுவனம் கொண்டுவந்த மாற்றங்களில் முக்கியமானது இந்த வசதியை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தியதுதான். அமெரிக்காவில் 2012 மாடல் தொடங்கி எல்லா இலகு வாகனங்களிலும் இது கட்டாயம். வழுக்கும் கார் படம் போட்ட பொத்தான் உங்கள் டேஷ்போர்டில் இருந்தால் நெடுஞ்சாலையில் அதைத் தொடாதீர்கள்.

இப்போது மிதப்புக்கு வருவோம். நான் முதலில் சந்தேகப்படுவது டயர் அழுத்தத்தை. ஷாக்கை அப்புறம்தான் பார்ப்பேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் இரண்டு வரிசை எண்கள்: குறைந்த ஆட்களோடு போக ஒன்று, முழுச் சுமையோடு போக ஒன்று. சிலவற்றில் இரண்டாவது வரிசை கையேட்டில் இருக்கும். பலர் கண்ணில் அந்த இரண்டாவது வரிசை படுவதே இல்லை. ஏழு பேரும் சாமானும் ஏறிய வண்டியில் பின் டயர் குறைந்த அழுத்தத்தில் இருந்தால் டயரின் பக்கச்சுவர் நெளியும். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்பும், பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேரும். நீங்கள் 'மிதக்குது' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தாமதத்தைத்தான். டயர் சூடேறி வெடிக்கும் அபாயமும் அங்கேதான் தொடங்குகிறது. டயர் மேலேயே அச்சடித்திருக்கும் அதிகபட்ச அழுத்தம் அந்த டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கான அளவு ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். ஓடிச் சூடான டயரில் எண் ஏறியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவான அழுத்தத்தோடு கிளம்புவீர்கள்.

டயர் கடைகளில் நைட்ரஜன் அடித்தால் வண்டி மெத்தென்று போகும் என்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் கொஞ்சம் மெதுவாக இறங்கும் என்பது சரி. ஓட்டும் சுகத்தில் வித்தியாசம் எனக்குத் தென்பட்டதில்லை.

அடுத்தது ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். இது ஒரே நாளில் கெடுவதில்லை, தினம் தினம் கொஞ்சமாகத் தளரும். அதனால் ஓட்டுபவருக்குத் தெரியாது, அடுத்த வண்டியை ஓட்டிவிட்டு வந்தால்தான் உறைக்கும். வண்டியின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை பாதிக்குத்தான் உதவும்: விட்ட பிறகும் இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷாக் போய்விட்டது என்று பொருள், ஆனால் உடனே நின்றுவிட்டால் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. கையால் அமுக்கும் வேகமும் நெடுஞ்சாலையில் சக்கரம் துள்ளும் வேகமும் வேறு வேறு. பாடி நொடிக்கு ஒன்று ஒன்றரை தடவை ஆடும், சக்கரமோ பத்துக்கும் மேலே. இதைவிட நல்ல சாட்சி டயர்தான். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, டயரின் ஓடுபரப்பில் உள்ளங்கையை வைத்து வட்டமாக மெதுவாகத் தடவுங்கள். மிகத் தேய்ந்த டயரில் கம்பி நீட்டியிருக்கலாம், கவனம். சீரான இடைவெளியில் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் அந்தச் சக்கரம் சாலையை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. ஷாக்கையும் வீல் பேலன்ஸையும் (சக்கரத்தைச் சுற்றி எடை சீராக இருக்கிறதா என்பதையும்) பார்க்க வேண்டும். பிறகு குறுக்காக, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமும் மறுபடி உள்பக்கமும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதற்கு அதுவும் காரணமாகும். ஷாக்கின் உடம்பில் ஈரமாக எண்ணெயும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் யோசிக்காமல் மாற்றலாம், அந்த ஆக்ஸிலில் (இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அச்சில்) உள்ள இரண்டையும் சேர்த்து. ஆனால் 'கொஞ்சம் ஸ்போர்ட்டியாக' என்று கடினமான ஷாக் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஸ்பிரிங்குக்குப் பொருந்தாத கடினமான ஷாக் போட்டால் சிறு குழிகூட நேராக முதுகெலும்பில் தெரியும். நம் உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மோசமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை ஆடும்போது. தேவையில்லாத கடினம் அந்த அதிர்வைத்தான் உள்ளே கொண்டுவரும். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையங்களுக்கும் இதே பதில்தான்.

டிக்கியில் கனம் ஏற்றும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். உங்கள் லாரித் தொல்லைக்கு அது எண்ணெய் ஊற்றும். வேகமாகப் போகும் காரில் பக்கவாட்டுக் காற்றின் தள்ளல் பெரும்பாலும் எடை மையத்துக்கு முன்னால் விழுகிறது. அதனால்தான் காற்று அடித்தால் மூக்கு ஒதுங்குகிறது. பின்னால் கனம் ஏற்றினால் எடை மையம் பின்னே போகும், இரண்டுக்கும் இடைவெளி கூடும், மூக்கு இன்னும் எளிதாக ஒதுங்கும். முன் சக்கரங்களின் பிடிப்பும் குறையும். லாரியை முந்தும்போது நடப்பதும் காற்றின் வேலைதான்: அதன் முகப்பு ஒதுக்கும் காற்று உங்களை வெளியே தள்ளும், கடந்த மறுகணம் தள்ளல் நின்றுபோகும், அதற்குள் நீங்கள் எதிர்ப்பக்கம் திருப்பியிருப்பீர்கள், வண்டி லாரி பக்கம் வரும். பக்கப்பரப்பு பெரிதாக இருக்கும் எஸ்யூவியில் இது எப்போதும் உண்டு. பக்கத்து இடைவெளியை முடிந்தவரை கூட்டி, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை லாரியின் மேல் வைக்காமல் தொலைவில் சாலையின் மேல் வைத்தால் கை தானாகக் குறைவாகத் திருத்தும். சாமானைப் பொறுத்தவரை கனமானவை கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. இலேசானவை மேலே, பின்னே. கூரைக் கேரியரில் துணி, படுக்கை போன்றவை மட்டும், அதுவும் கையேட்டில் போட்டிருக்கும் கிலோ கணக்குக்குள். கூரை மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் கவிழும் அபாயத்தைக் காட்ட மேலே சொன்ன அந்த எண்ணைக் குறைக்கிறது.

முழுச் சுமையோடு இரவில் போகும்போது எதிரே வருபவர்கள் ஓயாமல் லைட் அடித்துக் காட்டுகிறார்களா? பின்பக்கம் தாழ்ந்து உங்கள் ஹெட்லைட் மேலே தூக்கியிருக்கும். பல வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறிய உருளை இருக்கும். சுமைக்கேற்ப அதைத் திருப்பினால் லைட் கீழே வரும். இது சொகுசோடு சேர்ந்த விஷயமில்லைதான், ஆனாலும் அந்த உருளையைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம்.

வாந்தி விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: அது சஸ்பென்ஷனைவிட உங்கள் காலோடு சம்பந்தப்பட்டது. குமட்டலைக் கிளப்பும் அசைவு மிக மெதுவானது, ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு தடவை வரும் அசைவு. குழியில் விழும் குலுக்கல் அதைவிடப் பல மடங்கு வேகமானது. அது எரிச்சலூட்டும், குமட்டலை அவ்வளவாகத் தராது. ஐந்து நொடிக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று யோசியுங்கள்: ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது, விடுவது, பிரேக், மறுபடி அழுத்துவது, லேன் மாறுவது, திரும்ப வருவது. முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் இந்த முன்பின் ஊசலாட்டம் நிற்கவே நிற்காது. மூன்று நொடிக்கும் குறையாத இடைவெளி விட்டு, முன்னவர் வேகம் குறைத்தால் நீங்கள் பிரேக் தொடாமல் காலை எடுத்தாலே போதும் என்கிற நிலையில் ஓட்டிப் பாருங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே வீச்சாகத் திருப்பி அப்படியே பிடியுங்கள். வெட்டி வெட்டித் திருப்பும்போதெல்லாம் பாடி ஒரு தடவை சாய்ந்து எழும். பிரேக் பிடித்து நிற்கும் கடைசி நொடியில் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பின்னால் இருப்பவர்களின் தலை ஆடாது.

கடைசி வரிசைக்கென்று தனிச் சங்கடமும் உண்டு. பெரும்பாலான எஸ்யூவிகளில் அந்த இருக்கை பின் ஆக்ஸிலுக்கு மேலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடும்போது அதிகம் ஏறி இறங்குவது அந்த இடம்தான். ஜன்னல் சிறியது, முன் சாலை தெரியாது. கண் 'அசையவில்லை' என்கிறது, உள்காது 'அசைகிறோம்' என்கிறது. அந்தப் பொருத்தமின்மையே குமட்டல் என்பதுதான் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். ஓட்டுபவருக்கு வாந்தி வருவது அரிது, அடுத்த அசைவு என்னவென்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே குமட்டல் வரும் பிள்ளையை நடுவரிசையில், முன் சாலை தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள், கையில் போன் வேண்டாம். கடைசி வரிசையில் குமட்டல் வராத பெரியவர் யாராவது உட்காரட்டும்.

இடுப்பு வலிக்கு நான் மருத்துவன் இல்லை. கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். இருக்கை அமைப்பைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். எஸ்யூவியில் 'உயரமாக உட்கார வேண்டும்' என்ற ஆசையில் இருக்கையை முழுக்கத் தூக்கிவிட்டு, தொடை தொங்க, பாதத்தில் எடை தாங்கி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். இடுப்பு இருக்கையின் முதுகுச் சாய்வின் மூலைவரை போய் முட்ட வேண்டும். கிளட்சையோ பிரேக்கையோ முழுக்க அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். தோள் சாய்வை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பணப்பையைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அது இடுப்பைக் கோணலாக்குகிறது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் உடம்பு ஒரே நிலையில் இருக்கப் படைக்கப்பட்டதில்லை. பிரிட்டனின் ஹைவே கோட் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வு எடுக்கச் சொல்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இரண்டாவது மணி நேரத்தில் இறங்கி நடந்துவிடுங்கள்.

அகலமான டயர் பற்றி: பிடிப்பு கொஞ்சம் கூடலாம், ஆனால் ரிம் பெரிதாகி பக்கச்சுவர் குட்டையானால் சொகுசு கண்டிப்பாகக் குறையும், சக்கரத்தின் எடை கூடும், சக்கரத் தடங்கள் பள்ளமாகிப் போன சாலையில் ஸ்டீயரிங் இழுக்கும். கரடுமுரடுப் பாதைக்கான பெரிய கட்டை டயர் போட்டிருக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. போட்டிருந்தால் அந்த மிதப்புக்கு வேறெங்கும் தேட வேண்டாம், அதன் உயரமான ரப்பர் கட்டைகளே நெளிகின்றன. நெடுஞ்சாலைக்கான டயருக்கு மாறுவது ஒன்றுதான் நான் உறுதியாகச் செலவழிக்கச் சொல்லும் மாற்றம். வண்டி சேசிஸ் சட்டத்தின் மேல் பாடி ஏற்றியதா, பின்னால் ஒரே கட்டை ஆக்ஸிலா என்பதையும் கையேட்டில் பாருங்கள். அப்படியானால் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது மறுசக்கரமும் அசையும், பின்பக்கம் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். அது அமைப்போடு வந்தது, பணம் கொடுத்து முழுக்கப் போக்க முடியாது. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அதே வெட்டு வந்தால் புஷ்களை, அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகளை, பார்க்கச் சொல்லுங்கள்.

ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது 'ஆடுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எத்தனை பேர் இருக்கும்போது, நேர்ச்சாலையிலா வளைவிலா, பிரேக் பிடிக்கும்போதா என்று குறித்துக்கொண்டு போங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்கினால் வீல் பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அழுத்தம், டயர், அலைன்மென்ட், ஒட்டிக்கொண்ட பிரேக் என்ற வரிசையில் பார்ப்பார்கள். டயரின் பக்கச்சுவரில் கட்டி போல எங்காவது புடைத்திருந்தால் மட்டும் ஒர்க் ஷாப் வரைகூட அந்த டயரில் ஓட்ட வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போங்கள்.